மேகலா டெக்ஸின் முதலாளி

நல்லாச் சாஞ்சு உட்காரு, நுனியில தொத்திக்கிட்டு இருந்தா பாக்கறவனுக்குச் சந்தேகம் வரும் என்று தனபால் முதலாளி சொல்லிவிட்டுப் போய் வெகு நேரமாகிறது, நான் இன்னும் நுனியில்தான் இருக்கிறேன், முதுகு போய்ச் சாய மாட்டேன் என்கிறது. சுழல்கிற நாற்காலி. கொஞ்சம் அசைந்தாலும் தானாகத் திரும்பிச் சுவரைப் பார்க்க வைத்துவிடுகிறது, காலை ஊன்றித் திருப்பிக்கொண்டு மறுபடி மேசையைப் பார்த்து உட்காருகிறேன். மேசைமேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் முருகன் படம், பக்கத்தில் பேனா வைக்கிற டப்பா, அதில் பேனா இல்லை. தொழில் ஆபீசில் இருந்து ஒரு சார் வருவார். இது யார் கம்பெனி என்று கேட்பார். என்னுதுங்க சார் என்று நான் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. சொல்லிவிட்டால் இன்னும் சில வருடத்துக்கு மேகலா டெக்ஸ் என்கிற பெயரில், என் பெயரில், கவர்மெண்டு விடுதிகளுக்கெல்லாம் போர்வை போகும். சொல்லாவிட்டால் எங்க வீட்டுக்காரருக்கு டிரைவர் வேலை போகும், நாங்கள் குடியிருக்கிற மில் லைன் வீடும் போகும். இதை முதலாளி மிரட்டிச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கனகு நம்ம பையன், நம்ம பையன் பொண்டாட்டி நம்ம பேச்சைத் தட்டுமா என்று எங்க வீட்டுக்காரர் தோள்மேல் கை வைக்கிற மாதிரி கையைக் கொண்டுவந்து, தோளுக்கு ஒரு சாண் மேலே காற்றில் வைத்துத் தட்டினார். அந்தக் கையையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடுகிற மாதிரி இருந்தது, தொடவில்லை. எங்க வீட்டுக்காரரும் தொட்ட மாதிரியே சிரித்தார்.

கவர்மெண்டில் சில ஆர்டரைப் பெரிய மில்லுக்குக் கொடுக்க மாட்டார்களாம். சின்னக் கம்பெனிக்கென்று தனியாக எடுத்து வைப்பார்களாம், அதிலும் பொம்பளைகளுக்கென்று கொஞ்சம், அதிலும் எங்கள் ஆட்களுக்கென்று கொஞ்சம். முதலாளிக்குப் பெரிய மில் இருக்கிறது, இரண்டு கார் இருக்கிறது, ஆனால் அவரால் பொம்பளை ஆக முடியாது, எங்கள் ஆளாகவும் முடியாது. அதற்குத்தான் நான். கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் எங்க வீட்டுக்காரர் ஆதாரையும் சாதிச் சான்றிதழையும் எடு என்றார், எடுத்துக் கொடுத்தேன், இங்கே இங்கே கையெழுத்துப் போடு என்றார், போட்டேன். ரேசன் கார்டுக்கு என்று நினைத்தேன். அந்தச் சான்றிதழ் இப்போது முதலாளி வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருக்கிறதாம், சாமி ரூமுக்கு அடுத்த ரூமில். இருக்கிறதாம் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் அந்த வீட்டு வாசப்படிக்கு மேலே நாங்கள் யாரும் போனதில்லை. கார் சாவியைக்கூட முதலாளியம்மா சன்னல் திட்டில் வைத்துவிட்டு உள்ளே திரும்பின பிறகுதான் எங்க வீட்டுக்காரர் எடுப்பார். காகிதம் உள்ளே போகலாம். காகிதத்தில் யார் பேர் எழுதியிருக்கிறதோ அந்த ஆள் போகக்கூடாது. வேண்டாம், இதை யோசிக்க வேண்டாம், என்னுதுங்க சார், என்னுதுங்க சார், எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாலும் மனசுக்குள்ளேயே திக்குகிறது.

கதவுக்கு வெளியே தையல் மிஷின் சத்தம் விட்டு விட்டுக் கேட்கிறது. யாரும் எதையும் தைக்கவில்லை. மூடிப்போன ஏதோ கம்பெனியில் இருந்து நேற்று வேனில் வந்து இறங்கின மிஷின்கள் அவை, லைன் வீட்டுப் பொம்பளைகளைக் கொண்டுவந்து ஆளுக்கொன்றின் முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள், சார் வந்ததும் மிதியுங்க என்று சொல்லியிருக்கிறார்கள். சரோசாக்காவுக்கு ஊசியில் நூல் கோர்க்கவே தெரியாது. காலையில் நான் இந்தப் புதுப் புடவையோடு உள்ளே வரும்போது அது எழுந்து நின்று கும்பிட்டது. ஏனுங்க ஓனரம்மா, எனக்கு வயித்தவலி, ரெண்டு நாளைக்கு லீவு வேணுமுங்க என்றது. எல்லாரும் சிரித்தார்கள். போனசும் கேளு சரோசா, அம்மிணி தங்கமானவ என்று இன்னொரு குரல். நானும் சிரித்திருக்க வேண்டும். காது சுட்டது, தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். எனக்கு எப்போதும் அப்படித்தான், நாலு பேர் என்னைப் பார்த்தால் கை எங்கே வைப்பது என்று தெரியாது. அவர்கள் கேலியில் தப்பில்லை. மாதாமாதம் பொம்பளைகளுக்குக் கவர்மெண்டு கொடுக்கிற பணம் லைனில் எல்லாருக்கும் வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. உன் பேர்ல கம்பெனி ஓடுது, உனக்கு எதுக்கும்மா இது என்று தாலுகா ஆபீசில் இருந்த பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான், பிய்ந்த செருப்போடு நின்றுகொண்டிருந்தேன் நான், வார் அறுந்து பின் குத்தியிருந்தது, அதையும் பார்த்தான். பொய் சொல்லி ஏமாற்ற வந்தவள் என்று நினைத்திருப்பான். நான்தான் ஏமாற்றுக்காரி. பேர் என்னுதுதானே.

மார் கட்டிக்கொண்டு வலிக்கிறது. பாப்பா பால் குடித்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். இடுப்புல கொழந்தையோட ஓனர் நிப்பாங்களா, அதைக் கனகுகிட்டக் குடு என்று சொல்லிவிட்டார் முதலாளி, இவர் பின்பக்கம் லாரியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அழுகிற மாதிரி கேட்கிறது. இல்லை, மிஷின் பெல்ட்டு. இல்லை, அழுகைதான். அழுகை கேட்டதும் மார் தானாகக் கசிகிறது, ரவிக்கை நனைந்து சில்லென்று ஒட்டுகிறது, முந்தானையை இழுத்து மூடிக்கொள்கிறேன், புடவையின் மொடமொடப்பில் அது நிற்க மாட்டேன் என்கிறது. இந்தப் புடவையும் முதலாளி வாங்கிக் கொடுத்ததுதான், கனகு பொண்டாட்டி பாக்கறதுக்கு ஓனர் மாதிரி இருக்கோணும் என்று. ஓனர் மாதிரி என்றால் என்ன மாதிரி. எனக்குத் தெரிந்த ஓனர் முதலாளி ஒருத்தர்தான். அவர் மாதிரி இருக்க வேண்டுமா. யாரைப் பார்த்தாலும் கையைக் காற்றில் வைக்க வேண்டுமா. அந்த லாரி நிறையப் போர்வை ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டியாகிவிட்டது, சார் பார்த்து எழுதிக் கொடுத்ததும் மலைமேல் விடுதிக்குக் கிளம்ப வேண்டும், இவர்தான் ஓட்டிக்கொண்டு போகிறார். மலைமேல் விடுதி. அங்கேதான் தாரணி இருக்கிறாள். வேண்டாம், தாரணியை இப்போது நினைக்கக் கூடாது, நினைத்தால் பேச்சு வராது.

என் தங்கச்சி அவள், ஒன்பதாவது படிக்கிறாள். அம்மாவும் அப்பாவும் கரும்பு வெட்ட ஊர் ஊராகப் போகிறவர்கள், அதனால் விடுதி. நானும் அதே விடுதியில்தான் ஆறாவது வரைக்கும் இருந்தேன், அப்புறம் தம்பி பிறந்தான், அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அங்கே குளிர் என்றால் இந்தக் கீழ்நாட்டுக் குளிர் இல்லை, தரைக்குள் இருந்து ஏறி வந்து எலும்பைப் பிடிக்கிற குளிர், பொட்டப்பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக ஒட்டிக்கொண்டு படுப்போம். போன வருசம் புதுப் போர்வை வந்து இறங்கியிருக்கிறது. ஓரத்தில் ஒரு துணிச்சீட்டு, அதில் மேகலா டெக்ஸ், உரிமையாளர் மேகலா என்று. தாரணி துள்ளிக் குதித்திருக்கிறாள். எங்க அக்காடி, எங்க அக்கா கம்பெனிடி என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள், வார்டன் அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள், வார்டன் அம்மா அவளைக் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்து எல்லாரையும் கை தட்டச் சொல்லியிருக்கிறார். எங்களில் ஒருத்திக்குக் கை தட்டினார்கள். அன்றைக்கு வார்டன் அம்மா போனில் இருந்து கூப்பிட்டு, ஏன்க்கா எங்கிட்ட சொல்லவே இல்ல என்று கேட்டபோது அவள் குரலில் இருந்த சந்தோசத்துக்கு முன்னால் எனக்கு உள்ளதைச் சொல்ல மனசு வரவில்லை. பெருசா ஒண்ணும் இல்ல கண்ணு, சின்னதா என்று சொன்னேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, சின்னதா என்று சொன்னேன். அப்புறம் போர்வையைத் துவைத்திருக்கிறார்கள். முதல் துவைப்பில் பஞ்சு பஞ்சாக விட்டது, இரண்டாவது துவைப்பில் கையில் கிழிந்து வந்தது. முதலாளி மில்லில் நெய்த போர்வைகூட இல்லை அது, எங்கேயோ கழித்துப்போட்ட சரக்கை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து ஓரம் அடித்துத் துணிச்சீட்டு மட்டும் அவர் மில்லில் தைத்தது. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா. உங்க அக்காவை வந்து கொசு வலைக்கு எடுத்துக்கச் சொல்லுடி என்றிருக்கிறார்கள். கிழிந்ததையெல்லாம் சுருட்டி அவள் படுக்கிற இடத்தில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். குளிர் அடிக்கும்போதெல்லாம் அவளைத் திட்டுகிறார்களாம். பொங்கலுக்கு வந்தவள் என்னோடு பேசவில்லை. பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சினாள், பாப்பாவிடம்தான் சொன்னாள், நீ பெரிசானா உங்கம்மா பேரை யாருகிட்டயும் சொல்லாதே குட்டி என்று.

யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் அது உள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. முதலாளிமேல் பட்டால் வீடு போகும். எங்க வீட்டுக்காரர்மேல் பட்டால், அவர் பாவம், அவர் தோளே காற்றில் தொங்குகிற கைக்குக் கீழே இருக்கிறது. நேற்று அவரிடம் கேட்டேன், அந்த லாரியில இருக்கறதும் அதே சரக்குத்தானா என்று. சட்டையை மடித்துக்கொண்டே, உனக்கெதுக்கு அது, தலைய ஆட்டிட்டு வந்துரு மேகலா, ஒரே ஒரு நாள்தானே என்றார். தாரணி போத்துக்குவாளே என்றேன். அவளுக்கு நாம தனியா ஒரு போர்வை வாங்கிக் குடுத்தரலாம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்ற பிள்ளைகள்? எனக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, கண்ணில் தண்ணீர்தான் வரும், பார்க்கிறவர்கள் ஐயோ பாவம் என்பார்கள், பாவம் என்றதும் கோபம் அசிங்கப்பட்டு உள்ளே போய்விடும். இத்தனை வருசமாக அப்படி உள்ளே போனதெல்லாம் எங்கே போயிருக்கும். கெட்டுப் புளித்திருக்குமா. எங்கள் ஆட்கள் சின்னதாக ஏதாவது ஒன்று ஆரம்பிக்கட்டும் என்றுதானே யாரோ அந்தச் சட்டத்தைப் போட்டார்கள். நிஜமாகவே எங்கள் தெருவில் ஒருத்தி நாலு மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கலாம். அவள் இடத்தில் இந்த நாற்காலி சுழல்கிறது. எங்கள் பிள்ளைகள் குளிரில் கிடக்கக் கூடாது என்றுதானே போர்வை. அதையும் எங்கள் பேரை வைத்தே உருவிக்கொண்டு...

கார் சத்தம். வாங்க சார் வாங்க என்று முதலாளி குரல் தேன் மாதிரி. வெளியே மிஷின்கள் எல்லாம் ஒரேயடியாகக் கடகடவென்று ஓடுகின்றன. கதவு திறந்து சார் வந்தார், ஐம்பது வயது இருக்கும், வழுக்கையில் வேர்வை, கையில் தோல் பை, எப்போதடா முடியும் என்கிற முகம். எழுந்திருக்காதே, நீதான் ஓனர் என்று சொல்லியிருந்தார்கள், எழுந்திருக்கவில்லை, கால் இரண்டும் எழுந்திருக்கத் துடித்தன, மேசைக்கடியில் ஒன்றை ஒன்றால் மிதித்துக்கொண்டேன். மேடம்தானுங்க சார் எல்லாம் பாக்கறாங்க, நான் பக்கத்து மில்லு, சும்மா கூடமாட ஒத்தாசைக்கு என்றார் முதலாளி. மேடம் என்னும்போது அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. எத்தனை பேர்ம்மா வேலை செய்யறாங்க என்று சார் என்னைக் கேட்டார். பதினஞ்சு பேருங்க என்றார் முதலாளி. மாசம் எவ்வளவு சரக்கு போடறீங்க. அதற்கும் முதலாளியே சொன்னார். நான் மேடத்தைக் கேட்டேங்க என்றார் சார், பையில் எதையோ தேடிக்கொண்டு. மேடம் கொஞ்சம் கூச்ச சுபாவம் சார். இத்தனை பெரிய ஆர்டர் எடுக்கறவங்களுக்குக் கூச்சமா என்று சார் சிரித்தார், முதலாளி அதைவிடச் சத்தமாகச் சிரித்தார். சிரிப்புக்கு நடுவில் சார் எழுத ஆரம்பித்துவிட்டார். என்னை அவர் கேட்கவே போவதில்லை என்று தோன்றியது. என்னுதுங்க சார் என்றுகூட நான் சொல்ல வேண்டியதில்லை. இப்படியே முடிந்துவிடும், லாரி கிளம்பிவிடும், நான் வீட்டுக்குப் போய்ப் பாப்பாவுக்குப் பால் கொடுப்பேன். நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அப்போதுதான் முதலாளியம்மா டீ கொண்டு வந்தார். ஆபீசர் வந்திருக்கிறார், ஆளிடம் கொடுத்து அனுப்பினால் மரியாதையில்லை என்று அவரே வீட்டில் இருந்து தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். பூப்போட்ட பீங்கான் கோப்பை ஒன்றைத் தட்டோடு சாருக்கு முன்னால் வைத்தார். இன்னொன்றை முதலாளி கையில் கொடுத்தார். மூன்றாவதை எனக்கு, மேசை மூலையில், விரல் நுனியால் பிடித்து, கொஞ்சம் உயரத்தில் இருந்தே விட்டார். பேப்பர் கப். விட்ட வேகத்தில் டீ தளும்பி முருகன் படத்துக்கு மேலே கண்ணாடியில் சிந்தியது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. முதலாளிக்கும் அதில் ஒன்றும் தெரியவில்லை, உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தார். வேடிக்கை என்னவென்றால் நானும் அதற்குள் எழுந்து, நாற்காலியைத் தள்ளிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. அந்தம்மா வந்தால் எழுந்து ஒதுங்குகிற கால் அது, அதற்கு ஓனர் கீனர் எல்லாம் தெரியாது. புடவை வாங்கினார்கள், மிஷின் கொண்டுவந்தார்கள், மேடம் என்று கூப்பிடப் பழகினார்கள், இதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. தினமும் செய்வதை யார் யோசிப்பார்கள்.

சார் கோப்பையை உதடு வரை கொண்டுபோனவர் நிறுத்தினார். காலி நாற்காலியைப் பார்த்தார், அது மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். பேப்பர் கப்பைப் பார்த்தார். ஏங்க, ஓனரம்மாவுக்கு மட்டும் பேப்பர் கப்பா என்றார். முதலாளியம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. அவ அதுலதானுங்களே குடிப்பா என்றார். முதலாளி கோப்பையை வைத்த சத்தம் டக்கென்று கேட்டது. அது வந்துங்க சார், மேடத்துக்குத் தொண்டை கட்டியிருக்குது, சுக்குப் போட்டுத் தனியா... நீ வீட்டுக்குப் போ சிவகாமி. அந்தம்மா ஒன்றும் புரியாமல் தட்டோடு போனார். சார் பேனாவை மூடினார். பதற்றமே இல்லை அவருக்கு. எனக்காக அவர் கோபப்படவில்லை என்று எனக்குத் தெரியும், இதைக் கண்டுபிடித்ததற்கு முதலாளியிடம் தனியாக வேறு கணக்குப் பேசினாலும் பேசுவார், அந்தச் சிரிப்பு அவர் உதட்டு ஓரத்தில் இருந்தது. அம்மா, நீங்க சொல்லுங்க, இந்தக் கம்பெனி உங்களோடதுதானா என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். ஒரு நாளும் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை, கெஞ்சுகிற மாதிரி, அதே சமயம் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி. இல்லைங்க என்று சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்தேன். முதலாளி வேறொருத்தி சான்றிதழை வாங்கி அதே பீரோவில் வைப்பார். அந்த லாரி வேறொரு பேரில் மலையேறும். ஆமாங்க என்றால் என் பேரில் ஏறும். இரண்டிலும் ஏறும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தத் தடவை துடைக்கவில்லை, பாவம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

என்னுதுங்க சார் என்றேன். முதலாளி மூச்சு விட்டார். என் பேருதானுங்க, என் கம்பெனிதானுங்க என்றேன். நிறுத்தினால் மறுபடி குரல் வராது என்று பயந்து மேலே மேலே சொன்னேன். பின்னாடி லாரியில என் கம்பெனி சரக்கு நிக்குதுங்க. அது கழிச்ச சரக்குங்க, ஒரு தடவ நனைச்சா பஞ்சாப் போகும். மலைமேல பொட்டப்புள்ளைங்க அதைப் போத்திக்கிட்டுக் குளிர்ல கிடக்குதுங்க. என் தங்கச்சி கிடக்குது. நான் அனுப்ப மாட்டேன். வந்து பிரிச்சுப் பாருங்க சார், பாத்துட்டு என்ன எழுதோணுமோ எழுதுங்க, என் பேர்லயே எழுதுங்க. மேடம் என்ன சொல்றாங்கன்னா சார் என்று முதலாளி ஆரம்பித்தார். இவ கம்பெனி இல்லைங்க என்று சொல்லலாம், சொன்னால் அவர் கதை முடிந்தது. அவர் சொல்லவில்லை. எந்த வழியும் இல்லாமல் ஒருத்தர் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அவருக்கு அது புதுசு. நான் அவரைத் தாண்டி வெளியே நடந்தேன். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சரோசாக்கா மட்டும் கேலி எல்லாம் இல்லாமல், என்ன புள்ள ஆச்சு என்றது.

லாரியில் எங்க வீட்டுக்காரர் பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்த்ததும் இறங்கினார். பாப்பாவை வாங்கிக்கொண்டு, சரக்கை எறக்குங்க என்றேன். உள்ள என்ன சொல்லித் தொலச்ச என்றார். எறக்குங்க என்றேன். வீடு போயிரும் மேகலா. போயிருமுங்க, தெரியும். அவர் என் தலைக்கு மேலே பார்த்தார். நானும் திரும்பினேன். சார் வாசலில் வந்து நின்று, அந்தக் கட்டைப் பிரிங்க பாக்கலாம் என்றார். முதலாளி பக்கத்திலேயே நின்றார், கை இரண்டும் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தன. எங்க வீட்டுக்காரர் அவர் முகத்தையே பார்த்தார், ஒரு சைகை வரும் என்று, எப்போதும் வருமே. வரவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ. மெதுவாகப் போய்த் தார்ப்பாய்க் கயிற்றில் கை வைத்தார். அவர் கையாலேயே காலையில் இறுக்கிப் போட்ட முடிச்சு, அவிழ மாட்டேன் என்றது. நகத்தால் நெம்பினார். பிறகு குனிந்து, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார்.